கரையில் நிற்பவருக்கு மீன் எப்போது வரும்?
கல்முனைக் கரையோரத் தூண்டில் மீன்பிடி குறித்த கருத்துகள்: ஒரு மீள்பார்வை

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரை கடற்கரை ஏறக்குறைய ஒரே நேர்கோடாக ஓடுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்த நீளத்தில் மணல்தான் அதிகம். ஒதுங்கி நிற்க ஒரு குடா இல்லை. படகும் வலையும் இல்லாமல், ஒரு தூண்டிலோடு மட்டும் இங்கே வந்து நிற்பவர் முதலில் கேட்பது, மீன் எப்போது வரும், எங்கே வரும் என்பதைத்தான்.

கேள்வி புதிதல்ல. அதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் விடைகளும் உண்டு. பிறையைப் பார் என்பது ஒன்று. காற்றையும் மாதத்தையும் பார் என்பது இன்னொன்று. ஆற்றுவாய்க்குப் போ என்பது மூன்றாவது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஒலுவில் துறைமுகக் கல்லுக்குப் போ. நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தொழில்முறையில், ஏதோ ஒரு கரையில் பிறந்தது. வலைக்காரரின் அறிவைத் தூண்டில்காரரும், வேறொரு கடலின் அறிவை இந்தக் கடலில் நிற்பவரும் அப்படியே எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிறை

மிகப் பழைய விடை இது. கடல்முள்ளெலிகளின் உட்சதை பௌர்ணமியில் நிறைந்திருக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். மத்தியதரைக் கடலோரத்து மீன்சந்தைகளில் அந்த நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. பிரித்தானிய விலங்கியலாளர் மன்ரோ ஃபாக்ஸ் அதைச் சோதித்து 1924இல் முடிவை வெளியிட்டார். செங்கடலின் சுயெஸில் வாழும் நீண்ட முள் கொண்ட இனம் உண்மையிலேயே பிறைக்கணக்கில் இனப்பெருக்கம் செய்தது. மத்தியதரைக் கடலில் மக்கள் உண்ணும் இனத்திலோ அப்படி எதுவும் தென்படவில்லை. ஒரு கடலில் மெய்யாக இருந்த செய்தி இன்னொரு கடலில் வெறும் நம்பிக்கையாக விற்கப்பட்டுவந்தது. நம் கரையின் பிறைக்கணக்கை ஆராயப் புகுமுன் இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தூண்டில்காரருக்கென்றே பிறைக்கணக்கை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கரான ஜான் ஆல்டன் நைட். சூரியனும் சந்திரனும் நிற்கும் நிலையைக் கொண்டு மீன் இரையெடுக்கும் வேளைகளைக் கணிக்கலாம் என்று 1926இல் அவர் தொடங்கிவைத்த கோட்பாடுதான் இன்று கைப்பேசிச் செயலிகளில் ‘இன்று நல்ல வேளை’ என்று வந்து நிற்கிறது. அதற்குப் பின் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. சில இனங்களில் தொடர்பு தெரிகிறது, பலவற்றில் தெரியவில்லை.

நம் ஊர்களில் பிறைக்கணக்கு வேறொரு வழியில் வேரூன்றியது. ‘நிலவுக் காலத்தில் மீன் படாது’ என்பது வலைக்காரர் வாக்கு. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள் இரவில் மேலே ஏறி, வெளிச்சத்தில் கீழே இறங்கும் இயல்புடையவை. அவற்றைத் தின்னும் கீரி, சாளை, நெத்தலி போன்ற கூட்டமீன்களும் பின்தொடரும். நிலவு காய்ந்தால் கூட்டம் கலையும் அல்லது ஆழத்துக்குப் போகும். வலையும் மீனின் கண்ணுக்குத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் மீனைத் திரட்டும் தொழிலுக்கோ இருட்டு இல்லாமல் முடியாது. ஆகவே வலைக்கு இது சரியான அறிவு. அதையே வெள்ளைமணலில் ஈயம் கட்டித் தரையில் இரை கிடத்துபவருக்குச் சொன்னால் பொருந்துமா என்பது வேறு கேள்வி. கெளிறும் திருக்கையும் இரையை மணத்தால் தேடுபவை. நிலவு அவற்றுக்குப் பெரிய தடையாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

பிறை மீனைத் தொடும் இரண்டாவது வழி வற்றும் பெருக்கும். இங்கேதான் வெளிநாட்டு நூல்கள் புதியவரைத் திசைதிருப்புகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் ஏறி இறங்கும் உயரம் 14 மீட்டர் வரை போகும். குஜராத்தின் காம்பே வளைகுடாவிலும் அது 10 மீட்டரைத் தாண்டும். அப்படிப்பட்ட கரையில் பெருக்கு வரும் மணிநேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அங்கே எழுதப்பட்ட நூல்கள் வற்றுப்பெருக்கு அட்டவணையை முதல் பக்கத்தில் வைப்பது நியாயம். இலங்கையைச் சுற்றி அந்த வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கல்முனைக் கரையில் அன்றைய அலை ஏறும் உயரம் வற்றுப்பெருக்கின் வித்தியாசத்தை மறைத்துவிடும். ஆகவே பெருக்கைக் காத்திருந்து தூண்டில் போடுவதால் திறந்த மணற்கரையில் பெரிய ஆதாயம் கிடைக்க வாய்ப்புக் குறைவு. ஒரே விலக்கு ஆற்றுவாய். சிறிய ஏற்ற இறக்கமும் அங்கே ஒடுங்கிய வாயில் ஓட்டமாக மாறிவிடும்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களும் இந்த நம்பிக்கையோடு சேர்ந்தவையே. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே அந்த ஒலி கேட்கும் என்பார்கள். பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். மீனா சிப்பியா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, நிலவு இரவில் காற்று அடங்கி, மக்கள் ஓடத்தில் போய்ச் செவிகொடுத்ததும் அந்த நம்பிக்கை வளர ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

காற்றும் மாதமும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரில் ஏற்றப்படும் கொடி ஹிஜ்ரிக் கணக்கில் வருவது. அது ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகரும். கடலின் பருவம் அப்படி நகர்வதில்லை. அதனால் பிறைக்கு ஒரு கணக்கும், மாரி கோடைக்கு இன்னொரு கணக்கும் வைத்து வாழ்வது இந்தக் கரைக்குப் பழகிப்போனது.

பருவத்தின் விடை சுருக்கமானது. ஐப்பசி, கார்த்திகை தொடங்கி தை வரை வாடைக்காற்றும் மழையும் கடலைக் கொந்தளிக்க வைக்கும். பங்குனி, சித்திரைக்குப் பின் கடல் அடங்கும். வைகாசியிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்று இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், காலையில் கரையோர நீர் தட்டையாகக் கிடக்கும். மேற்குக் கரையின் மீனவர் குடும்பங்கள் அந்த மாதங்களில் கிழக்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் வழக்கம் இந்தப் பருவ மாற்றத்தை ஒட்டியே எழுந்தது.

இதில் ஐயமில்லை. ஐயம் எழுவது, இதைக் கரைத்தூண்டிலுக்கும் அப்படியே பொருத்தும்போதுதான். ‘கடல் நல்லா இருக்கு’ என்று படகுக்காரர் சொல்வது படகைத் தள்ள ஏற்ற கடலை. கரையில் நிற்பவருக்கு வேண்டியது வேறு. கண்ணாடிபோல் தெளிந்த, அலையற்ற நீரில் பாரையும் கொடுவாவும் கரைக்கு நெருங்கத் தயங்கும். தங்கூசியும் முள்ளும் வெயிலில் மின்னும். சற்றே கலங்கிய, இடுப்பளவு அலை உடையும் நீரில்தான் மணலுக்குள் புதைந்திருக்கும் சிறு நண்டுகளும் புழுக்களும் கிளறப்படுகின்றன. அவற்றைத் தேடி மீன் உள்ளே வருகிறது. ஆக, மாரி முழு வேகத்தில் அடிக்கும் நாட்களும் உதவாது, கச்சானின் தட்டைக் கடலும் நண்பகலில் உதவாது. பருவங்கள் மாறும் இடைக்காலமும், தட்டைக் கடலாயின் விடியலும் மாலை மங்கலும்தான் புதியவருக்கு ஏற்றவை. வெளிச்சம் குறையும் அந்த வேளைகளில் சிறுமீன் தடுமாறும், பெருமீன் துணியும். நால்வகை விடைக்காரரும் ஒத்துக்கொள்ளும் ஒரே செய்தி இதுவாக இருக்கலாம்.

பருவ விடையின் இன்னொரு பலவீனம், அது ஒழுங்காக வரும் பருவத்தை நம்பி நிற்பது. 1978 நவம்பரில் கிழக்கைச் சிதைத்த சூறாவளியைப் போன்றவை எந்த நாட்காட்டியிலும் அடங்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச அறிவித்தலைக் கேட்காமல், மாதத்தை மட்டும் நம்பிக் கடலடியில் நிற்பதை இனி யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

ஆற்றுவாயும் மடுவும்

மூன்றாவது விடை காலத்தை விட்டு இடத்தைப் பேசுகிறது. என் கணிப்பில் புதியவருக்கு அதிகம் கைகொடுப்பது இதுவே.

56 கிலோமீட்டர் நீளும் மட்டக்களப்பு வாவிக்குக் கடல்வாய் இரண்டு. வடக்கே பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. கரைவாகு வயல்களின் வெள்ளம் தெற்கு வாயை நோக்கித்தான் போகிறது. ஒலுவிலுக்கு அருகே களியோடை கடலைத் தொடுகிறது. கோடையில் இத்தகைய வாய்களை மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் உடைக்கும், அல்லது மனிதர் வெட்டிவிடுவர். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் வாவி மீனவருக்கும் இடையே நீண்டகாலப் பிணக்கு உண்டு. வேளாண்மை மூழ்கும் என்று ஒருவர் அவசரப்பட, இறால் கடலுக்கு ஓடிவிடும் என்று மற்றவர் தடுக்கிறார்.

தூண்டில்காரருக்கு அந்தப் பிணக்கே செய்தி சொல்கிறது. வாய் திறந்தால் இறாலும் மடவையும் வெளியேறும். கொடுவாவும் பாரையும் அங்கே காத்திருக்கும். கொடுவா உவர்நீரில் முட்டையிட்டு, குஞ்சுகள் வாவிக்குள் வளரும் இனம் என்பதால் ஆற்றுவாய் அதற்கு வழியும் வீடும். இந்த விடையின் குறை, அது ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டுமே பொருந்துவது. அதைவிடக் கடுமையான குறை, திறந்த வாயின் ஓட்டம். மணல்விளிம்பு காலடியில் கரைந்து சரியும். புதியவர் அங்கே தனியாக நிற்கவே கூடாது.

ஆற்றுவாய் இல்லாத இடத்தில் என்ன செய்வது? மணற்கரை ஒரே மாதிரிக் கிடப்பதாகத் தோன்றுவது பார்வைப் பிழை. கரைக்குச் சமாந்தரமாக ஒரு மணல்திட்டு, அதற்கும் கரைக்கும் இடையில் ஒரு நீண்ட மடு, திட்டை அறுத்துக்கொண்டு வெளியே போகும் சில வாய்க்கால்கள் என்று அடித்தளம் பிரிந்திருக்கிறது. மேட்டில் ஏறி நின்று பத்து நிமிடம் பார்த்தால் போதும். திட்டின் மேல் அலை வெள்ளையாய் உடையும். மடுவில் நீர் கருத்துத் தெரியும். ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நுரையும் குப்பையும் வெளிப்பக்கம் நகர்ந்தால் அது வாய்க்கால். மாரி அலைகள் கரைமணலைத் தோண்டி வெளியே திட்டாகக் குவிக்கும். கோடை அலைகள் மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். அதனால் சென்ற ஆண்டு மீன்பட்ட இடம் இந்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தூர எறிவதா, அருகே எறிவதா என்ற நெடுநாள் விவாதமும் இதோடு முடிச்சுப் போட்டது. நீண்ட தடியும் பெரிய ரீலும் கொண்டு நூறு மீட்டருக்கு மேல் எறிவதே கெட்டித்தனம் என்ற கருத்து ஐரோப்பிய, அமெரிக்கக் கரைகளிலிருந்து வந்தது. அங்கே பல கரைகள் படிப்படியாக ஆழமாகின்றன. இங்கே முதல் மடு பெரும்பாலும் காலடிக்கு அருகிலேயே இருக்கும். புதியவர் எறியும் ஈயம் மடுவைத் தாண்டித் திட்டின்மேல் விழுந்து, இரை மணலில் வீணாகக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. கைத்தூண்டிலைச் சுழற்றி எறியும் ஊர்ப் பையன், விலையுயர்ந்த ரீல் வைத்திருப்பவருக்கு முன்னே மீனை இழுத்துப்போடுவதற்கு இந்த மடுவே பெரும்பாலும் காரணம். தொடங்குபவருக்கு மெல்லிய தங்கூசி, ஓட்டத்தில் உருளாத அளவு ஈயம், சிறிய முள், உரித்த இறால் அல்லது கணவாய்த் துண்டு போதும். முதல் எறி காலடி மடுவில், பிறகுதான் தூரம்.

ஓர் எச்சரிக்கையைச் சுருக்காமல் சொல்ல வேண்டும். மீன் நடமாடும் அந்த வாய்க்கால்தான் ஆளை வெளியே இழுக்கும் ஓட்டமும். சிக்கிய முள்ளை விடுவிக்கவோ தப்பிய மீனைப் பிடிக்கவோ அதற்குள் இறங்கக் கூடாது. பிடிபட்டவற்றிலும் கவனம் வேண்டும். கெளிற்றின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் கடும் வலி தரும். பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. அந்த மீனைக் குழந்தைகள் கையில் கொடுப்பதும் பூனைக்குப் போடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

ஒலுவில் கல்

துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவுகளில் ஒன்று ஒலுவில் துறைமுகம். அவர் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பிறகு, டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் கட்டத் தொடங்கி 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. வாயை மணல் திரும்பத் திரும்ப அடைத்தது. ஆனால் மணலே மணலாகக் கிடந்த ஒரு கரையில் முதன்முறையாகப் பெருங்கற்களாலான அலைதடுப்பு நின்றது. கல்லிடுக்கில் பாசியும் சிப்பியும் நண்டும் குடியேற, ஒட்டி, கிளாத்தி, விளைமீன், செப்பலி போன்ற கல்லைச் சார்ந்த இனங்களுக்கு இடம் கிடைத்தது. புதியவரைக் கல்லுக்குப் போகச் சொல்வதன் பின்னணி இதுதான்.

இந்த விடைக்கு எதிராக அறிவியலில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. கடலில் கல்லைப் போட்டால் மீன் பெருகுகிறதா, அல்லது சுற்றுவட்டாரத்தில் சிதறியிருந்த மீன் ஓரிடத்தில் கூடுகிறதா? செயற்கைப் பார்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் போன்சாக் 1989இல் இதைக் கூர்மையாக எழுப்பினார். கூட்டம் மட்டும் கூடுகிறதென்றால், கல்லில் மீன் மலிந்திருப்பது வளத்தின் அடையாளமாகாது. பிடிப்பது எளிதாகி, இருப்பு விரைவில் தீரும். கல்லை விட்டு நகராத இனங்களுக்குப் பெருக்கம் உண்மையாகலாம், ஓடித்திரியும் பாரை போன்றவற்றுக்குக் கூட்டமே உண்மையாகலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் நடுநிலை.

ஒலுவிலில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது, ஏனெனில் அந்தக் கல் மீனை மட்டும் மாற்றவில்லை. இந்தக் கரையோரமாக மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் தரையைத் தின்றது. தென்னந்தோப்புகள் சரிந்தன, வாடிகளும் தோணி ஏற்றும் இடங்களும் போயின, பாதிப்பு நிந்தவூர்ப் பக்கம் வரை உணரப்பட்டது. காணி இழந்தோர் ஒருபுறம், வாயைத் தோண்டித் தரக் கேட்கும் படகுக்காரர் மறுபுறம் என்று ஒரே ஊருக்குள் இரு நியாயங்கள் மோதின. கல்லில் நின்று கிடைக்கும் மீனை எண்ணும்போது, வடக்கே கரைந்துபோன மணற்கரையில் இல்லாமற்போன மீனையும் எண்ணவேண்டும். அலை உடையும் ஓரமணலில் வளரும் குஞ்சுமீனுக்கு அந்தக் கரையே தொட்டிலாக இருந்தது. ‘கல் மீனைக் கொண்டுவந்தது’ என்று சொல்வோர் இந்தப் பாதியைப் பேசுவதில்லை, பேசியாக வேண்டும்.

நடைமுறையில் இன்னும் சில. பாசி படர்ந்த கல் வழுக்கும். பெரிய அலை இடைவெளி விட்டு வரும், அமைதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. துறைமுக எல்லைக்குள் நுழையுமுன் பொறுப்பானவர்களிடம் கேட்டுவிடுவது முறை.

கரைவலைக்காரரின் கரை

எங்கே நிற்கலாம் என்பதில் மீனைத் தவிர மனிதரும் இருக்கிறார்கள். தோணியில் வலையைச் சுற்றி வளைத்துவிட்டு, இரு முனைக் கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் அம்பா பாடி இழுத்து, மடியைக் கரைசேர்க்கும் கரைவலைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் (வலை வளைக்கும் இடத்துக்கும்) உரிமையாளர் உண்டு, முறை உண்டு. 1984ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகளும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும் அதற்குச் சட்ட வடிவம் தருகின்றன.

கடற்கரை பொது, யாரும் தூண்டில் போடலாம் என்பது ஒரு நிலைப்பாடு. பாட்டுக்கு முன்னே உள்ள கடல் எங்கள் வயிறு என்பது மற்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பிறகு கிழக்கில் 200 மீட்டர் தடைவலயம் அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. அந்த நாட்களில் கடலோரத்தில் யார் இருக்கலாம் என்ற கேள்வியின் வலியை இந்த ஊர்கள் நன்றாக அறிந்துகொண்டன. அப்படியிருக்க, பொழுதுபோக்குக்காக வருபவர் வலை வளைத்திருக்கும்போது அதற்குள் தூண்டில் எறிவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. ஒரு முள் மடியில் சிக்கினால் கிழிவது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு. கரைவலைத் தண்டலிடம் ஒரு வார்த்தை கேட்டால் விலகி நிற்க வேண்டிய இடமும், சில வேளை அன்று மீன் நிற்கும் இடமும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

எஞ்சி நிற்பவை

நான்கு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கரைக்கு அடித்தளத்தின் அமைப்பும் வெளிச்சம் மாறும் வேளையும் முதன்மை பெறுகின்றன என்று கொள்ளலாம். பருவம் அவற்றை மாற்றியமைக்கும் பெரிய சக்தி. பிறையின் பங்கு வலைத்தொழிலில் வலுவானது, ஆற்றுவாயில் ஓரளவு புரிகிறது, திறந்த கரைத்தூண்டிலில் இன்னும் நிறுவப்படவில்லை.

நிறுவப்படாமைக்கு ஒரு காரணம் பதிவு. கடற்றொழில் அமைச்சின் ஆண்டுப் புள்ளிவிவரங்கள் கடல்மீன் உற்பத்தியைக் கரையோரம், ஆழ்கடல் என்று பிரிக்கின்றன. கரையில் நின்று தூண்டில் போடுபவரின் மீன்பாட்டுக்கு அங்கே தனி இடம் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்லிலும், அதற்கு வடக்கேயுள்ள அரிக்கப்பட்ட கரையிலும், துறைமுகத்துக்குத் தொலைவிலுள்ள மருதமுனை மணலிலும் ஒரே முள், ஒரே இரை கொண்டு, இருட்டிலும் நிலவிலும் பன்னிரண்டு மாதம் பிடித்துப் பார்த்து இனவாரியாக எழுதிவைத்தால், பிறைக் கேள்வியும் கல் மீனைப் பெருக்குகிறதா கூட்டுகிறதா என்ற கேள்வியும் ஒரே முயற்சியில் பெரிதும் தெளியும். அதற்குக் கப்பலோ கருவியோ தேவையில்லை. முடிவு கல்லுக்குச் சாதகமாக வந்தாலும் வடக்கே போன நிலத்துக்கான கணக்கு தீராது. அதைக் கரையோரம் பேணல், துறைமுகம், கடற்றொழில் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டியிருக்கிறது.